அந்த பெங்களூர் காரின் விலை

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

அம்மா வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வயதில் இவ்வளவு சீக்கிரம் எழுந்து நடப்பது பெரிய விஷயம். பிசியோதெரபியை மட்டும் இடையில் நிறுத்திவிடாதே. வலிக்கிறது என்று அம்மா சொன்னால் நீ இளகிவிடுவாய், எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வீடு அமைதியாகிவிட்டதாகச் சரசு குறைப்படுகிறாள். விபத்து வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் சர்வே வேலையை நான் குறைத்துக்கொண்டேன். பழைய இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் போகிறேன்.

சரி, காருக்கு வருவோம். 2019 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்3 டீசல், பெங்களூரில் ஒரு தனியார், ஒரே ஓனர், 58,000 கிலோமீட்டர், 31 லட்சம் கேட்கிறார். சென்னையில் கம்பெனி டீலரிடம் அதே வருடத்து வண்டி, சான்றிதழும் வாரண்டியும் சேர்த்து 34.5 லட்சம். "மூன்றரை லட்சம் மிச்சம்தானே, வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

இப்போது இருக்கிற நிலையில் வேண்டாம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். உன் சேமிப்பில் பெரும்பகுதி இதில் போகிறது, மேலோட்டமாகப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

சான்றிதழ் என்பது இரண்டு விஷயம். வண்டியை ஒருவன் பிரித்துப் பார்த்திருக்கிறான், நாளைக்கு ஏதாவது உடைந்தால் குறிப்பிட்ட காலம் வரை செலவை ஏற்கிறேன் என்கிறான். சான்றிதழ் இல்லாத காரில் இந்த இரண்டு வேலையும் உன் தலையில் விழுகிறது. அதற்கு ஆகும் பணத்தைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் விலை நியாயம். டீலர் விலையில் அவருடைய லாபமும், அந்த லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்கியிருக்கின்றன. தனியாளிடம் வாங்கும்போது அந்த வரி கிடையாது. ஆகவே மூன்றரை லட்ச வித்தியாசத்தில் ஒரு பகுதிக்கும் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பகுதியைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது செலவு. நான்கு டயர், பேட்டரி, பிரேக் பேட், கியர்பாக்ஸ் ஆயில் ஆகியவற்றுக்கு இந்த வயதுக் காரில் சுமார் இரண்டு லட்சம் ஒதுக்க வேண்டும். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் என்றால் இன்னும் கூடும். கியர்பாக்ஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதே. அந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு ஆயிலுக்குப் பணம் எடுத்து வை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கான பணம். டர்போ, இன்ஜெக்டர், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏதாவது ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல். எதுவும் போகாமலே போகலாம். ஒன்று போனால் பில் லட்சக்கணக்கில் வரும். இதற்கு மூன்று லட்சம் தனியாக வங்கியில் கிடக்க வேண்டும் என்பது என் கணக்கு. கூட்டிப் பார்: 31, 2, 3, மொத்தம் 36. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும் வரி இன்னும் சேரவில்லை. அதாவது சான்றிதழ் உள்ள சென்னைக் காரைவிட இது விலை கூடிய கார்.

மறுபதிவைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக நம்பர் வண்டியைத் தென்காசியில் நிரந்தரமாக ஓட்டினால் பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே பதிவு மாற்ற வேண்டும். படிவம் 28-இல் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் இந்த விலைக் காருக்குச் சில லட்சங்கள் ஆகும். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், வந்து சேர நாளாகும். உன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேசிஸ் விவரம் கொடுத்துத் தொகையை முதலிலேயே கேட்டுவிடு. பெங்களூர் கார் மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

31 லட்சம் எங்கிருந்து வந்த கணக்கு என்றும் பார்க்க வேண்டும். இந்த எக்ஸ்3 2018 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 49.99 லட்சம். 2025 ஜனவரியில் அடுத்த தலைமுறை வந்துவிட்டது, ஆக இப்போது இது முந்தைய மாடல். அதைவிட முக்கியம், 2025 செப்டம்பர் 22 அன்று பெரிய எஸ்.யூ.வி.க்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 22 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி இரண்டும் போய் 40 சதவீத ஒரே வரி வந்தது. ஐம்பது நாற்பதானது. புது வண்டி விலை பல லட்சம் இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய விலையையே மனதில் வைத்துப் பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். உன் விற்பனையாளரும் அந்த ரகமாக இருக்கலாம்.

இனி நான் சோறு தின்ற தொழில். விபத்துக் கார்களையும் வெள்ளக் கார்களையும் பார்த்தே என் தலை நரைத்தது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை முழு நஷ்டமாக எடுத்து, மிச்சத்தை ஏலம் விடும். ஏலத்தில் போனதெல்லாம் இரும்புக் கடைக்குப் போவதில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் ரூஃப் வரை மூழ்கி, முழு நஷ்டம் என்று நான் கையெழுத்திட்ட ஒரு காரை, பிற்பாடு வேறு ஊரில் பளபளவென்று விற்பனைக்கு நிறுத்தியிருந்தார்கள். வாங்கப் போன குடும்பம் குழந்தையோடு அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் குடும்பத் தலைவரைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது காரை அல்ல, கடைசி மூன்று வருட இன்சூரன்ஸ் பாலிசிகளை. அதில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பார். 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். 2019 கார், ஒரே ஓனர், கிளைம் இல்லை என்றால் இன்று 50இல் நிற்க வேண்டும். திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் அதற்கு முந்தைய வருடம் கிளைம் எடுத்திருக்கிறார்கள், என்ன கிளைம் என்று கேள். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் கிளைம் இருந்தும் சதவீதம் குறையாது, அதையும் பாலிசியில் பார். இன்னொன்று: அந்த போனஸ் ஓனருக்கு உரியது, காரோடு உனக்கு வராது. உன் முதல் வருடப் பிரீமியம் அவர் கட்டுவதைவிடக் கணிசமாகக் கூடும்.

அதே பாலிசியில் ஐ.டி.வி. தொகையும் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்வது, சந்தை விலை அல்ல. ஆனால் அவரே தன் காரை 24 லட்சத்துக்கு இன்சூர் செய்துவிட்டு உன்னிடம் 31 கேட்டால், அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துப் பேச உனக்கு உரிமை உண்டு.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்று பார். இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும் வரை பணம் கொடுக்காதே.

வண்டியைப் பார்க்கப் போகிற அன்று, நீ வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் காரணம் கேள். இந்த டீசல் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்றுவதென்றால் சாதாரண வேலை இல்லை. இதற்கு முந்தைய என்47 எஞ்சின் இந்தச் செயினாலேயே பெயர் கெட்டது. இதிலிருக்கும் பி47 அந்த அளவுக்கு மோசமில்லை, என்றாலும் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் வருகிற முதல் சில நொடிச் சத்தத்தை உன் காதால் கேட்டாக வேண்டும். செயின் உரசும் சத்தம் அப்போதுதான் வெளியே வரும்.

வெள்ளத்தில் நின்றதா என்று தெரிய சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்து, நுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பார். டிக்கித் தரையைத் தூக்கு. பேட்டரி இந்தக் காரில் அங்கேதான் இருக்கிறது, சுற்றியுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் உங்கள் பக்கம் தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவன் நீ, வண்டல் எங்கெல்லாம் போய் உட்காரும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். நான்கிலும் படித்துக்கொள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் வெவ்வேறு கம்பெனி டயர், வெவ்வேறு தேய்மானம் என்று ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கியிருக்கும்.

இதெல்லாம் நீ செய்வது. இதற்கு மேல் செய்ய வேண்டியது, அந்தக் காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே உன் செலவில் கொண்டுபோய் முழு செக்கப் செய்வது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் வரலாற்றை அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். மீட்டரைத் திருப்பினாலும் கிலோமீட்டர் வேறு சில மாட்யூல்களிலும் பதிவாகியிருக்கும், அங்கே பிடிபட்டுவிடும். ரீகால் ஏதும் பாக்கியா என்றும் கேள். 2018இல் தென்கொரியாவில் இந்தக் கம்பெனியின் டீசல் கார்கள் தீப்பிடித்து, புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். கூலரின் கோளாறுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். உன் வண்டிக்கு அது பொருந்துமா என்று சேசிஸ் எண்ணை வைத்து அவர்கள்தான் உறுதியாகச் சொல்ல முடியும். முடிந்தால் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரும் வைக்கச் சொல். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 400 காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது.

இந்தச் செக்கப்புக்கு விற்பவர் சம்மதிக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்மதித்து, சர்வீஸ் முழுக்கக் கம்பெனியில், விபத்து இல்லை, கிலோமீட்டர் சரி என்று வந்தால், தெரியாத பழுதுக்கு வைத்த மூன்று லட்சத்தை ஒன்றரையாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது கார் விலையும் மறுபதிவு வரியும் சேர்ந்து உன் கையிலிருந்து போவது 30 லட்சத்துக்குள் நின்றால் தாராளமாக வாங்கு. காகிதம் அரைகுறை என்றால் அதே மொத்தம் 28. "அதெல்லாம் எதுக்கு சார், வண்டியே பேசும்" என்று மழுப்பினால் 25க்குக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடு. பார்க்க விடாத வண்டிக்கு எனக்கு விலை போடத் தெரியாது.

சென்னைக் காரையும் அடியோடு தள்ளிவிடாதே. தென்காசியிலிருந்து கம்பெனி சர்வீஸுக்கு வெளியூர்தான் போக வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்கிற நிலைமை வந்தால், மிச்சம் பிடித்த பணம் உனக்கு ஆறுதல் தராது. வாரண்டி எத்தனை மாதம், கியர்பாக்ஸும் எலக்ட்ரானிக்ஸும் அதில் அடங்குமா, வருடத்துக்கு எத்தனை முறை கிளைம் செய்யலாம் என்று எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. சில வாரண்டிகளில் விதிவிலக்குப் பட்டியல்தான் நீளமாக இருக்கும். பழைய கார் விற்கும் மற்ற கடைகளின் "இருநூறு பாயின்ட் செக்" என்பதை மட்டும் இதோடு ஒன்றாக வைத்துப் பார்க்காதே. கார் கம்பெனி தன் பெயரில் கொடுக்கும் சான்றிதழ் வேறு.

எதை வாங்கினாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அம்மாவை ஒரு முறை அதில் ஏற்றி இறக்கிப் பார். எஸ்.யூ.வி. சீட் உயரம் மூட்டு மாற்றியவர்களுக்கு வசதி என்பார்கள். கால் தரையில் எட்டாமல் குதித்து இறங்க வேண்டியிருந்தால் அது அவர்களுக்கான கார் இல்லை.

பாலிசி நகலும் சேசிஸ் எண்ணும் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. செக்கப்புக்கு அவர் ஒத்துக்கொண்டால் எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல், நான் இங்கிருந்து பெங்களூர் வந்துவிடுகிறேன், சேர்ந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு என் வணக்கம். சரசு அவர்களுக்காகக் கொள்ளு ரசப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பழனிச்சாமி