நாந்தில் யானையோடு திரும்பிவிடாதீர்கள்

பாரிசிலிருந்து தமிழ்க் குடும்பங்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். மேற்குப் பிரான்சில் உள்ள நாந்த் நகருக்கு அப்படியொரு பயணத்தில் குடும்பத்தோடு போய் வந்தேன். 12 மீட்டர் உயர இயந்திர யானை தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சியபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. யானையை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. லுவார் ஆற்றுக்கு மறுகரையில், கே த லா ஃபோஸ் துறையில், ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள்.

அங்கே நடைபாதையில் சுமார் 2,000 சிறு கண்ணாடிப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு கப்பலின் பெயரும் அது புறப்பட்ட காலமும் இருக்கும். எல்லாம் அடிமை வணிகத்துக்குப் போன கப்பல்கள். குனிந்து படித்துக்கொண்டே நடந்தால் தெய்வப் பெயர்களும் பெண்கள் பெயர்களும் வந்துகொண்டே இருக்கின்றன. கப்பலுக்குள் அடைக்கப்பட்டவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இந்த ஊர்க் கப்பல்கள் சுமார் 5.5 லட்சம் ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்பதற்காகக் கொண்டுபோயின. 1815-க்குப் பிறகு சட்டம் தடுத்தும், களவாக இன்னும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். துறைக்கு அடியில் 2012-இல் திறந்த அடிமைமுறை ஒழிப்பு நினைவிடம் இருக்கிறது, இறங்கிப் பாருங்கள்.

இதில் நமக்கென்ன என்று யாராவது கேட்டால், துணியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்கில் பெரும் பங்கு துணிதான். அதில் புதுச்சேரியிலிருந்தும் சோழமண்டலக் கரையின் மற்ற ஊர்களிலிருந்தும் கப்பலேறிய பருத்தித் துணியும் சேர்த்தி. நெய்தவருக்கும் சாயம் தோய்த்தவருக்கும் அது எதற்குக் கைமாறுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் நம் ஊர்த் தறிக்கும் இந்தத் துறைக்கும் இடையே இருந்த தொடர்பு நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பள்ளியில் இந்த வணிகத்தைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தானே அவர்கள்.

நேரம் இருந்தால் பக்கத்தில் ஃபேதோ தீவு. இப்போது அது தீவு இல்லை, சுற்றியிருந்த ஆற்றுக் கிளைகளைத் தூர்த்துவிட்டார்கள். கப்பல் முதலாளிகளின் மாளிகைகள் மணலில் இறங்கிச் சாய்ந்து நிற்கின்றன. சன்னல்களுக்கு மேலே செதுக்கிய கல்முகங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்க முகங்களும் அவற்றில் உண்டு. அப்புறம், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் 'மரி செராஃபிக்' என்ற கப்பலின் வண்ணப்படம். 300-க்கும் மேற்பட்டவர்களை மேல்தளத்துக்கு அடியில் எப்படி நெருக்கிப் படுக்க வைத்தார்கள் என்று அதில் வரைந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. யானை இருக்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். அடுத்த பயண நிரலில் சேர்த்துவிட்டால் தெரியப்படுத்துங்கள். கோடை விடுமுறைக்கு என் அக்கா குடும்பம் வருகிறது, அவர்களுக்கும் சேர்த்து இடம் பதிவு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
பாரிசில் வசிக்கும் ஒரு புதுச்சேரிக்காரர்