அம்பாசிடர் என்ற பெயரை வாங்கியவர்களுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் இந்தியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2017 பிப்ரவரியில் நீங்கள் ஒரு பெயரை விலைக்கு வாங்கினீர்கள். அப்போது நீங்கள் பியூஜோ கார்களைச் செய்யும் பிஎஸ்ஏ குழுமம். இந்துஸ்தான் மோட்டார்ஸிடம் 80 கோடி ரூபாய் கொடுத்து அம்பாசிடர் என்ற பெயரையும் அதன் வணிகச் சின்னங்களையும் வாங்கினீர்கள். 2021-இல் ஃபியட் கிரைஸ்லருடன் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனீர்கள். அந்தப் பெயரில் இதுவரை ஒரு வண்டியும் வரவில்லை. 2022-இல் மின்சார அம்பாசிடர் வரப்போகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தபோது எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் கொஞ்ச நாள் அதே பேச்சாக இருந்தது. அப்புறம் அடங்கிவிட்டது.

ஒருநாள் நீங்கள் அந்தப் பெயரை மறுபடி எடுக்கலாம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்க முடியாத வண்டிக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

என் அப்பா கும்பகோணத்தில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். அதனால் வந்த உரிமையில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது என் வீட்டுப் பாசம் மட்டும் இல்லை. அந்த வண்டிக்கு இத்தனை நல்ல பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1942-இல் பி.எம். பிர்லா குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1948-இல் தொழிற்சாலை வங்காளத்தின் உத்தர்பாராவுக்குப் போனது. இந்துஸ்தான் 10, பேபி இந்துஸ்தான், லேண்ட்மாஸ்டர் என்று அவர்கள் முதலில் செய்தவை எல்லாமே இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை அடியொற்றியவை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை எடுத்து 1957-58 வாக்கில் அம்பாசிடர் என்று இறக்கினார்கள். இங்கிலாந்தில் அந்த மாடல் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இங்கே 2014 மே மாதம் வரை, அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. 1980 வாக்கில் டீசல் என்ஜின் வந்தது, 90களின் தொடக்கத்தில் இசுசூ என்ஜின் வந்தது. உருவம் மட்டும் அப்படியே இருந்தது.

டெல்லியில் அது மந்திரிகளின் வண்டி, கல்கத்தாவில் மஞ்சள் டாக்ஸி. இந்த இரண்டு படங்களைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். உங்கள் விளம்பரத் துறையும் நாளைக்கு அதையேதான் எடுக்கும் என்று நினைக்கிறேன். காவிரிப் படுகையில் அந்த வண்டி என்னவாக இருந்தது என்று அந்தப் படங்களில் தெரியாது.

இங்கே ஊருக்கு ஊர் ஆறு. காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வீரசோழன், அதற்குக் கீழே வாய்க்கால்கள். சாலைகள் பெரும்பாலும் கரையை ஒட்டியே போகும், ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கப்பி ரோடெல்லாம் பள்ளமாகிவிடும். மதகைத் தாண்டியதும் சாலை சட்டென்று இறங்கும். இந்தப் பாதைகளில் பிள்ளைவலி கண்ட பெண்களைத் தஞ்சை மெடிக்கலுக்குக் கொண்டு போனவை அம்பாசிடர்கள்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிற காலம் வருவதற்கு முன்னால் கிராமத்துக்கு இருந்த வழி அது. முன் சீட்டு ஒரே பலகையாக இருந்ததால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் வழக்கத்தை ஊன்றியதில் அந்த டாக்ஸிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, மாப்பிள்ளை அழைப்பு எதுவானாலும் ஸ்டாண்டில் போய் நின்றால் வண்டி கிடைக்கும்.

அந்த வண்டி பழுதே ஆகாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நன்றாகவே பழுதாகும். ஆயில் ஒழுகும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு சூடாகி ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். ஈரத்துணியை அதன்மேல் சுற்றிவிட்டுப் புளியமரத்து நிழலில் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். என்ஜினில் தீப்பொறிக்கு உதவும் பாயிண்ட் தேய்ந்தால் உப்புத்தாளால் இழைத்துப் பொருத்துவார்கள். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை என்றால் மஞ்சள்தூளைப் போட்டு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்தால் கொல்லுப் பட்டறையிலேயே வேலை நடக்கும். பானெட்டைத் திறந்தால் இரண்டு கையும் தாராளமாக நுழையும், எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பம்புசெட் ஆயில் என்ஜினைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது அந்நியமாகவே இல்லை. பாபநாசத்திலோ வலங்கைமானிலோ ஒரு லேத் பட்டறை இருந்தால் போதும், கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, அம்பாசிடரின் நல்ல பெயரில் பாதியைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் உத்தர்பாராவில் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. கையெல்லாம் கிரீஸோடு நின்ற ஊர் மெக்கானிக்குகளும், ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்த டிரைவர்களும்தான். 80 கோடியில் நீங்கள் வாங்கியதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. அதற்கு அவர்களுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அதைக் கேட்டும் நான் எழுதவில்லை.

இந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. அது நல்ல நிறுவனமாக நடந்துகொண்டது என்று என்னால் சொல்ல முடியாது. எதைச் செய்யவும் அரசு லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில் நாட்டில் கார் செய்தவர்கள் பெரிதாக மூன்றே பேர்: உத்தர்பாராவில் இவர்கள், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அநேகமாக வழியில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வண்டி எடுத்தார்கள் மக்கள். இத்தனை பாதுகாப்பும் இத்தனை பொறுமையும் கிடைத்த நிறுவனம் அந்தக் காலத்தை என்ன செய்தது? ஆயில் ஒழுகலைக்கூட நிறுத்தவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, லேசான ஸ்டியரிங், சொன்னபடி மைலேஜ். அதன் பிறகும் அம்பாசிடர் 80களின் நடுவில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேல் விற்றது. 2013-14-இல் அது சுமார் 2,200 ஆகச் சுருங்கியது. 2014 மே மாதம் ஒருநாள் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் வாசலில் பூட்டைப் பார்த்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி அம்பாசிடரை உலகின் சிறந்த டாக்ஸி என்று தேர்ந்தெடுத்திருந்தது. அந்தப் பட்டத்தால் ஒரு வேலையும் காப்பாற்றப்படவில்லை.

அந்தக் கம்பெனி வண்டியைத் திருத்தாமல் விட்டதற்கு ஊர் மெக்கானிக்குகளும் ஒரு வகையில் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எப்படியும் வெளியில் சரி செய்துகொள்வார்கள் என்று கம்பெனிக்காரர்கள் மெத்தனமாக இருந்துவிட்டார்களாம். இருக்கலாம். அதனால்தான் பழைய அம்பாசிடரை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வட்ட விளக்கும் உருண்டை முதுகும் வைத்து, ஞாபகத்தைத் தூண்டி விற்றுவிடலாம் என்று நினைத்தால் அது எங்களை மதிப்பதாகாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனமான தகடு, அதனால் பத்திரம் என்று எங்கள் பக்கம் இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்சீட்டில் பெல்ட் போடும் பழக்கமே இல்லை. மோதினால் வண்டிக்குக் குறைவாகவும் உள்ளே இருப்பவருக்கு அதிகமாகவும் அடிபடும். ஆற்றங்கரைச் சாலையில் ஓரத்துத் தடுப்புச் சுவர் இல்லாத இடங்கள் எத்தனையோ. இங்கே ஓடப்போகிற வண்டி உறுதியான கட்டமைப்போடு வந்தாக வேண்டும். உங்கள் சிட்ரோன் இசி3 மின்சாரக் கார் 2024-இல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதே ஆண்டு உங்கள் பசால்ட் கார் இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. மனம் வைத்தால் முடிகிறது என்று தெரிகிறது. அம்பாசிடர் என்று எழுதி வருகிற வண்டி அந்த இரண்டாவது வரிசையிலாவது நிற்கட்டும்.

சரி, பழுது பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் அதுதான். இன்றைய காரில் கார்புரேட்டரும் பாயிண்டும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர், சென்சார். மின்சார வண்டி என்றால் உயர் மின்னழுத்த பேட்டரி, பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் வழி இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நியாயமான கட்டணத்துக்கு வெளிப் பட்டறைகளுக்கும் கொடுங்கள். பழுது பார்க்கும் கையேட்டைத் தமிழில் போடுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், கண்ணாடி, பம்பர், விளக்கு போன்ற பாகங்கள் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் கடைகளில் கிடைக்கும்படி செய்யுங்கள். ஒரு விளக்கு உடைந்தால் முழுத் தொகுப்பையும் வாங்கச் சொல்லும் வழக்கம் வேண்டாம். மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காகத் தனி இணையதளம் தொடங்கியபோது சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அதில் பெயருக்கு ஒரு சுட்டியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடாமல், மற்றவர்களுக்கு முன்னால் நீங்கள் செய்து காட்டலாம்.

உயர் மின்னழுத்த வேலைக்கு ஆட்களைப் பழக்க இடமும் இங்கேயே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் வலிவலம் தேசிகர் பாலிடெக்னிக், கொள்ளிடம் பக்கம் புத்தூரில் சீனிவாசா சுப்பராயா பாலிடெக்னிக், மாவட்டந்தோறும் ஐடிஐக்கள். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேராவது சொந்த ஊரில் பட்டறை வைத்துப் பிழைக்க உங்கள் வண்டி காரணமாக இருக்கட்டும்.

தமிழ்நாடு உங்களுக்குப் புதிய இடமில்லை. முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைச் செய்த திருவள்ளூர் ஆலையில்தான் இன்று உங்கள் சிட்ரோன்கள் உருவாகின்றன. ஒசூரில் என்ஜின் செய்கிறீர்கள். திருவள்ளூரிலிருந்து கும்பகோணம் ஒரு பகல் பயணம்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் பக்கம் இன்னும் சில அம்பாசிடர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 15 ஆண்டு தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதையும் கட்டி எஃப்சி காட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய சிரமம் உதிரி பாகம். பழைய பாகங்களின் வரைபடங்கள் உங்களிடமோ இந்துஸ்தான் மோட்டார்ஸிடமோ இருந்தால் அவற்றைப் பொதுவில் வையுங்கள். இனி யாரும் விற்கப்போவதில்லாத பாகங்கள்தானே. எங்கள் லேத் பட்டறைக்காரர்கள் அளவு பார்த்துக் கடைந்துகொள்வார்கள்.

புது வண்டி தயாரானால், டெல்லியில் விளக்கு போட்டுத் திரையை விலக்குவதற்கு முன்னால் ஒன்றை இங்கே அனுப்புங்கள். கார்த்திகை மாதத்தில் அனுப்புங்கள், அப்போதுதான் சாலை அதன் உண்மையான நிலையில் இருக்கும். அணைக்கரை வழியாக ஒரு நடை, பூம்புகார் வரை ஒரு நடை ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் எங்கள் மெக்கானிக்குகள் முன்னால் பானெட்டைத் திறந்து வையுங்கள். உங்கள் பொறியாளர்களும் உடன் இருக்கட்டும். கேள்விகள் நிறைய வரும். பதில் சொல்ல இரண்டு நாளாவது ஒதுக்கிக்கொண்டு வாருங்கள், தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கும்பகோணத்து டாக்ஸி டிரைவர் ஒருவரின் மகன்