செட்டியார் தெருவும் லயக் காம்பராவும்: தேவகோட்டை நண்பருக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கையால் நான்கு பக்கம் எழுதும் அளவுக்குப் பார்வை தெளிந்திருப்பது பெரிய ஆறுதல். இங்கு நாங்கள் நலமாக இருக்கிறோம். விலைவாசி 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்கு முந்திய நிலைக்கு இறங்கப்போவதில்லை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்; அதைப் பற்றி மேலும் எழுதி உன்னைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீ எழுப்பியிருந்த கேள்விதான் என்னை இத்தனை நாள் யோசிக்க வைத்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை என்று ஏறத்தாழ ஒரே சீமையிலிருந்து, ஒரே கடலைக் கடந்து, ஒரே வெள்ளைக்காரன் ஆட்சியில் இலங்கைக்கு வந்த இரு கூட்டத்தாரில் வட்டித்தொழில் செய்ய வந்த செட்டியார்களான உங்களவர்கள் செட்டிநாட்டில் மாளிகை கட்டினார்கள், தோட்டக் கூலிகளாக வந்த எங்களவர்களில் பாதிப்பேர் இன்னும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். சிக்கனத்தையும் கட்டுப்பாட்டையும் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். நீ கேட்டதால், வாழ்நாள் முழுவதும் பிறருடைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில் கணக்காகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

இரண்டு கடைகளின் ஐந்தொகையை ஒப்பிடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது ஆரம்ப இருப்பை. உங்கள் வீட்டுப் பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கொழும்புச் செட்டியார் தெருவுக்கு வந்தபோது வெறுங்கையோடு வந்தான் என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஆனால் அவன் பின்னால் ஒரு கடை இருந்தது. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகும் ஏணி அவனுக்காக முன்பே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது சம்பளமும், நன்றாக நடத்தியிருந்தால் இலாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். தங்கவும் உண்ணவும் கிட்டங்கி, நடப்பு வட்டியைக் கூடி முடிவு செய்யக் கோயில், பணத்தை ஊருக்கு அனுப்ப உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எல்லாம் இருந்தன. இவற்றையெல்லாம் விடப் பெரியது, ஐரோப்பிய வங்கிகள், வங்கிக்கும் கடன் வாங்குபவருக்கும் இடையில் நின்ற சிறாப்பர் என்ற தரகரின் உத்தரவாதத்தின் பேரில் உங்களவர்களுக்குக் கடன் கொடுத்தன. அந்தப் பணத்தைக் கூடிய வட்டிக்கு உள்ளூர் வியாபாரிக்கும் தென்னந்தோட்டக்காரனுக்கும் உங்களவர்கள் கொடுத்தார்கள். ஆள் வந்து சேருவதற்கு முன்பே அவனுடைய நாணயம் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் பாட்டன் வந்ததும் கணக்கில்தான் வந்தான். ஆனால் பற்றுப் பக்கத்தில். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தபோதே, வீட்டுப் பழங்கடன், வழிச்செலவு, சோறு, கம்பளி ஆகிய எல்லாம் அவன் பெயரில் எழுதப்பட்டுவிட்டன. மன்னாரில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து, வழியில் வாந்திபேதிக்குத் தப்பி, கோப்பித் தோட்டத்தில் முதல் நாள் பேர் போடுவதற்கு முன்பே அவன் கடன்காரன். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு கங்காணியின் கையில் இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே ஆட்கள் மாற முடிந்தது. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணிமாரில் சிலர் அந்த முன்பணத்துக்கே செட்டியார் தெருவுக்குக் கடன் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த வகையில் நம் இருவருடைய பாட்டன்மாரும் ஒரே பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்திருக்கக் கூடும்.

சிக்கனத்தைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் அம்மா சீட்டுக் கட்டினார், ஆடு வளர்த்தார், மரக்கறிப் பாத்தி போட்டார், இரண்டு பவுன் சேர்த்தார். அவரை விடச் சிக்கனமான ஒரு மனிதரை நான் உங்கள் கிட்டங்கியிலும் பார்த்ததில்லை. ஆனால் சேமித்த பணம் போய் உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டுமே. வீடு தோட்டத்துடையது. வீட்டின் முன்னாலிருந்த பாத்தியும் தோட்டத்துடையது. வேலை போனால் கூரையும் போகும். வாங்க நிலமில்லை, கடை வைக்க அனுமதியில்லை. ஆகவே சேமிப்பு பொன்னானது, பொன் கலியாணத்திலோ நோயிலோ அடகுக் கடைக்குப் போனது. செட்டியார் தெருவில் ஒரு ரூபாய் மூன்று வருடத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. லயத்தில் ஒரு ரூபாய் இருந்தபடியே இருந்து, பிறகு காணாமல் போனது. இதில் குணத்தின் வேறுபாடு எங்கே இருக்கிறது? குடும்பத்தில் அதிகம் உழைத்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்குரிய நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்.

எங்களில் மேலே வந்தவர்களும் இருந்தார்கள் என்பாய். இருந்தார்கள். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏழையாக வந்து, பெரிய கங்காணியாகி, றம்பொடைப் பக்கத்தில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். ஆனால் அப்படி ஏறியவர்கள் பெரும்பாலும் கங்காணிமார்தான் என்பதைக் கவனி. ஒவ்வோர் ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கக்கூடிய ஒருவனால்தான் தோட்டத்துக்குள் முதல் சேர்க்க முடிந்தது. அதாவது அங்கும் நாட்கூலி மட்டும் வாங்கியவன் முதலாளியாகவில்லை. கணக்கின் வரவுப் பக்கத்துக்கு ஏதோ ஒரு வழியாக மாறியவனே ஆனான்.

அதேபோல் உங்கள் பக்கத்திலும் எல்லோரும் மாளிகை கட்டவில்லை என்பது என்னை விட உனக்கு நன்றாகத் தெரியும். 1925இல் சில செட்டியார் கடைகள் முறிந்தபோது வங்கிகள் உங்கள் தெருவுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. நான்கைந்து வருடத்தில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கொப்பறா விலை விழுந்தது. வட்டி வராமல் ஈடு வைத்த தென்னந்தோட்டங்கள் செட்டியார் கைக்கு வந்தன. அவற்றை வாங்க ஆளில்லை, ஊராரின் பகை மட்டும் மிஞ்சியது. 1934இல் பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தது. அதன் பின்தான் 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அந்த வருடங்களில் கைநொடிந்து ஊர் திரும்பிய மேலாட்களின் வீட்டை எந்தச் சுற்றுலாக்காரனும் படம் எடுப்பதில்லை. உங்கள் சமூகத்தின் செல்வத்தை நாங்கள் கணக்கிடும்போது வென்றவர்களை மட்டும் எண்ணுகிறோம். எங்கள் சமூகத்தின் வறுமையை நீங்கள் கணக்கிடும்போது தோட்டத்தில் தங்கியவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். இந்த ஒப்பீட்டில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி 1948க்கு வருவோம். உங்களையும் எங்களையும் ஒரே நேரத்தில் ஒரே சட்டங்கள் அடித்தன என்பதை இப்போது இரு பக்கத்தாரும் மறந்துவிட்டார்கள். அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் உங்களைத் தற்காலிக வதிவிட அனுமதிக்காரர்களாக்கின, எங்களை நாடற்றவர்களாக்கின. உன் தந்தையார் அனுமதி முடியும் திகதிக்கு முன்னே கடன்களைப் பாதி விலைக்குத் தீர்த்து, கடையைக் கைமாற்றிவிட்டுப் போனதை நான் அறிவேன். அது சிறிய இழப்பு என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆயினும் உங்கள் பணம் ஒரே நாட்டில் நிற்கவில்லை. 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது; அது போருக்கும் தேசியமயத்துக்கும் பலியானது. இருந்தும் மலாயாவில் ஒரு காலும் தமிழ்நாட்டில் ஒரு காலும் எஞ்சியிருந்தன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டதே, அந்த ஒரு செய்தி போதும் உங்களவர்களின் முன்யோசனையைச் சொல்ல. பணம் வங்கியாகி, ஆலையாகி, கல்லூரியாக மாறியது.

எங்களுக்கு இருந்த ஒரே சொத்து, ஒரு குறிப்பிட்ட மலையில் கொழுந்து பறிக்கத் தெரிந்த கை. அதை எந்த உண்டியலிலும் அனுப்ப முடியாது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபோது 9,75,000 பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். என் பெரியப்பா குடும்பம் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தே பறித்தது. இங்கு தங்கியவர்களுக்குக் குடியுரிமை இல்லாததால் அரசாங்கக் குடியேற்றக் காணி இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, அந்த நிலத்தைக் காடாக இருந்த காலத்திலிருந்து திருத்தியவர்களுக்கு ஒரு முழ நிலமும் வரவில்லை. 1973, 74இல் அவர்கள் பட்டினி கிடந்தார்கள். நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு தலைமுறைக்குச் சொத்து வாங்கும் வாய்ப்பை அடைத்துவிட்டு, மூன்றாம் தலைமுறையிடம் சிக்கனத்தைப் பற்றிக் கேட்பது நியாயமா, சொல்.

இன்றைய நிலையை எண்ணில் கேட்டிருந்தாய். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் தோட்டத்துறை வறுமை 2006/07இல் 32 வீதம், நாடு முழுவதற்கும் 15.2; 2016இல் தோட்டத்துறைக்கு 8.8, நாட்டுக்கு 4.1; 2019இல் தோட்டத்துறைக்கு 33.8, நாட்டுக்கு 14.3. இடையில் வறுமைக் கோட்டையே மாற்றியதால் 2016ஐயும் 2019ஐயும் நேரடியாக ஒப்பிடாதே, பலர் செய்யும் தவறு அது. கோடு எங்கிருந்தாலும் இந்த மூன்று கணக்கிலும் தோட்டத்தின் வறுமை நாட்டுச் சராசரியின் இரு மடங்குக்கு மேல் நின்றது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. தோட்டத்துறை என்பது தோட்டத்துக்குள் வசிப்பவர்களை மட்டுமே எண்ணும். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பையனும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பெண்ணும், ஹற்றனில் ஆசிரியராக இருக்கும் என் மருமகளும் அதில் இல்லை. உங்களவர்களுக்கோ இங்கு தனி நிரலே கிடையாது. கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி என்று வருவது கொழும்புச் செட்டிமார். அவர்கள் வேறு, நீங்கள் வேறு. அதைப் பார்த்து யாராவது உனக்கு ஏதாவது நிறுவினால் நம்பாதே.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். 2026க்கான பாதீட்டில் அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாயும், வருகைக் கொடுப்பனவாக அரசாங்கத்தின் 200 ரூபாயும் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவது என்பது தோட்டத்தின் விருப்பம். ஆகவே நான் நாட்சம்பளத்தை விட, குடும்பத்துக்கு வீட்டுக்கென்று தருவதாகச் சொல்லும் காணித் துண்டைத்தான் கவனித்து வருகிறேன். இந்திய உதவியில் கட்டும் வீடுகளும் மற்றத் திட்டங்களும் மெதுவாகவே நகர்கின்றன. கையில் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம் கிடைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். இருந்தாலும் சொந்தப் பெயரில் உறுதியுள்ள ஒரு வீட்டின் பேரில்தான் பிள்ளையின் படிப்புக்குக் கடன் எடுக்கலாம், முன்னறையில் ஒரு கடை போடலாம். உங்களவர்களுக்கு இருந்து எங்களவர்களுக்கு இல்லாமற்போனது இதுவே. சம்பளத்தை இரட்டித்து உறுதியைத் தராவிட்டால், கூடிய பணமும் நுண்கடன் கம்பனிக்காரனின் வாராந்தத் தவணைக்கே போகும்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் தந்தையாரின் கொழும்புக் கடைப் பேரேடுகள் சில மேல்மாடிப் பெட்டகத்தில் கிடப்பதாக முன்பு எழுதியிருந்தாய். கண் தெளிந்துவிட்ட இந்த நேரத்தில் 1920களின் ஏடுகளை எடுத்துப் பார். கண்டி, மாத்தளை, ஹற்றன் என்று ஊர்ப் பெயருடன் கங்காணிமாரின் பற்று வருகிறதா, எவ்வளவு வட்டி என்று குறித்து அனுப்பு. கைபேசியில் படமாக எடுத்தாலும் போதும், உன் பேரன் உதவுவான். நான் மேலே எழுதியதில் சிலவற்றை அந்த ஏடு மறுக்கவும் கூடும்; மறுத்தாலும் அனுப்பு. பூச்சி அரித்த தாளை விரிக்காமல் அப்படியே படம் எடு.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
இராமையா.