சேடில்டோமை இடிக்கும் முன் ஒரு புள்ளியைக் குறித்து வையுங்கள்

கால்கரி மாநகர மேயருக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் எவரும் இதை நேராக வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் ஒரு படி தனியே அனுப்பியிருக்கிறேன். அதில் கோரிக்கைகள் மட்டும் இருக்கின்றன. என் கோபம் இதில்தான் இருக்கிறது. கோபப்படுவதற்கு எனக்குத் தமிழ்தான் வசதி.

கனடாவின் இந்த ஊருக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் சில ஆண்டுகள் சேடில்டோம் என்ற ஐஸ் ஹாக்கி அரங்கில் இரவு வேலை பார்த்தேன். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உள்ளே நுழைகிறவர்களில் ஒருவன். ஒன்பது மணி வரை ஐஸ் ஹாக்கி நடந்த தரையை மறுநாள் காலைக்குள் வேறொன்றாக்குவது எங்கள் வேலை. பனித்தளத்தை உருக்குவதில்லை; அது கிடந்தபடியே கிடக்கும். அதன் மேல் குளிர் ஏறாத பலகைகளை ஒன்றோடொன்று கோத்து மூடுவோம். கச்சேரி என்றால் அதன் மேல் நாற்காலிகள், ரஃப்னெக்ஸ் அணியின் லாக்ரோஸ் ஆட்டம் என்றால் பச்சை விரிப்பு. எல்லாம் முடிந்ததும் பலகைகளைக் கழற்றினால் அடியில் அதே பனி, அதே சிவப்புக் கோடு. ஓர் அங்குல அளவேயான அந்தப் பனியை அடியில் கான்கிரீட்டுக்குள் ஓடும் குழாய்களின் உப்புநீர்தான் உறைய வைத்திருக்கிறது என்று முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. ஐஸ் வண்டிக்காரர் மணிக்கணக்கில் உப்பைக் கொட்டிப் பெட்டியைக் குளிர்வித்த ஊரிலிருந்து வந்தவன், அதே உப்பை இங்கே இப்படிச் சந்திப்பேன் என்று நினைத்ததில்லை.

அந்த இரவுகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பர். ஹிட்மென் என்ற இளையோர் அணியின் ஆட்டம். ஆண்டுதோறும் டிசம்பரில் ஓர் ஆட்டத்தில், உள்ளூர் அணி முதல் கோல் அடித்ததும் பார்வையாளர்கள் கையில் கொண்டுவந்த பொம்மைக் கரடிகளைத் தளத்தை நோக்கி வீசுவார்கள். வசதியற்ற குழந்தைகளுக்கு அவை கொடையாகப் போகும். அன்று 29,935 கரடிகள் விழுந்தன. அந்த அணிக்கு அது புதுச் சாதனை. மேலடுக்கில் இருப்பவர் வீசிய கரடி முன்வரிசைக்காரர் தலையில் விழும். அவர் அதை எடுத்து மறுபடி வீசுவார். வெள்ளைத் தளம் கண்ணெதிரே மறைந்தது. ஆட்டக்காரர்கள் கரடிக் குவியலுக்குள் படுத்துப் புரண்டார்கள். அவ்வளவையும் அள்ளி மூட்டை கட்டிய பிறகுதான் மீதி ஆட்டம் தொடர்ந்தது. பனியில் விழுந்த பொம்மை ஈரமாகிக் கனக்கும் என்பதை அன்று கைகள் கற்றுக்கொண்டன.

அந்தக் கட்டடத்தைத்தான் இடிக்கப் போகிறீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. 2024 கோடையில் ஸ்கோஷியா பிளேசுக்குப் பூமி பூஜை மாதிரி ஒன்றை நடத்தினீர்கள். 2027-இல் திறப்பு என்கிறீர்கள். புது அரங்கம் பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருக்கிறது. பழையதற்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடைகூடங்களின் நெரிசலும் கழிப்பறை வரிசைகளும் எனக்குத் தெரியாதவை அல்ல. கூரையின் கதையும் தெரியும்.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள். கயிற்றுக் கட்டில் தெரிந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. வளைந்து நெளிந்த ஒரு வட்டக் கான்கிரீட் சட்டம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்பு வடங்கள். ஒரு திசை வடங்கள் தொங்கிப் பாரத்தைத் தாங்குகின்றன. மறு திசை வடங்கள் மேல்நோக்கி வளைந்து அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. இடைவெளிகளில் வார்த்தெடுத்த இலேசான கான்கிரீட் பலகைகள். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. நடுவில் தாழ்ந்து இரு பக்கமும் உயர்வதால், சூடேற்ற வேண்டிய வெளியும் குறைவு. மைனஸ் முப்பது பார்க்கிற ஊரில் அது சின்ன விஷயமா? கிரஹாம் மெக்கோர்ட் நிறுவனத்தின் பாரி கிரஹாம் வடிவமைக்க, யான் போப்ரோவ்ஸ்கி என்ற பொறியாளர் அதை நிற்க வைத்தார். பெயர் வைக்கப் போட்டி நடத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. பாதிக்கும் மேலானவற்றில் 'சேணம்' இருந்ததாம். மாடு மேய்ப்பவர்களின் ஊர் அந்தக் கூரையைப் பார்த்து வேறு என்ன சொல்லும்?

அந்த அழகே அதற்கு எமனாயிற்று. வடத்தில் தொங்கும் தாழ்வான கூரையில் இன்றைய கச்சேரிகளின் விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் வேண்டிய மட்டும் தொங்கவிட முடியாது. லாரி லாரியாகச் சாமான் கொண்டுவரும் பெரிய பாடகர்கள் கால்கரியைத் தாண்டி, எங்கள் போட்டி ஊரான எட்மன்டனுக்குப் போனார்கள். எட்மன்டனுக்கு! இந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஆகவே இடியுங்கள். ஆனால் பழைய கோரலை அழித்த மாதிரி இதையும் துடைத்து அழித்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஸ்டாம்பீட் கோரல் 1950-இல் திறந்த அரங்கம். அட்லாண்டாவில் இருந்த ஃப்ளேம்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1980-இல் இங்கே குடிபெயர்ந்தபோது, ஏழாயிரம் பேர் போல அடங்கும் அந்தச் சின்னக் கூடத்தில்தான் மூன்று பருவங்கள் ஆடியது. (அமெரிக்க உள்நாட்டுப் போரில் அட்லாண்டா எரிந்ததால் வைத்த பெயர் 'ஃப்ளேம்ஸ்'. எண்ணெய் ஊருக்கு வந்ததும் அதுவே பொருத்தமாகிவிட்டது.) மாநாட்டு மையத்தை விரிவாக்குவதற்காகக் கோரல் இடிக்கப்பட்டது. அது எங்கே இருந்தது என்று இன்று என் மகளுக்குக் காட்ட, காற்றில்தான் கைநீட்ட வேண்டியிருக்கிறது.

டொராண்டோ வேறு மாதிரி செய்தது. 1931-இல் ஆறு மாதங்களுக்குள் எழும்பிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் 1999 பிப்ரவரியில் கடைசி லீக் ஆட்டம் நடந்தது. இன்று அதன் கீழ்த்தளம் ஒரு மளிகை அங்காடி. மேலே, பழைய கூரைக்கு நேர் கீழே, பல்கலைக்கழகத்தின் பனித்தளம். அங்காடியில் அலமாரி வரிசை ஒன்றின் தரையில் சிவப்பாக ஒரு வட்டப் புள்ளி இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் மையப்புள்ளி ஒரு காலத்தில் இருந்த இடம் அதுதான். சென்ற கோடையில் டொராண்டோவில் உறவினர் வீட்டுக்குப் போனபோது அந்தப் புள்ளியின் மேல் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண்மணி கூடையோடு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் ஏன் தரையைப் பார்த்து நிற்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அந்த இடத்தில் தரையைப் பார்த்து நிற்பவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

சேடில்டோமின் மையப்புள்ளியையும் அப்படிக் குறித்து வையுங்கள். கட்டடம் போன பிறகு அங்கே தெரு வரலாம், புல்வெளி வரலாம், வாகன நிறுத்தம் வரலாம். எது வந்தாலும் சரியாக அந்த இடத்தில், அளந்து, ஒரு புள்ளி. அதிகம் செலவாகாது. 2019-இல் 550 மில்லியன் டாலர் என்று கைகுலுக்கி, 2021 முடியும்போது அந்த ஒப்பந்தம் முறிந்து, 2023-இல் மொத்தத் திட்டமும் 1.2 பில்லியனைத் தாண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கில் ஒரு வாளிச் சிவப்புச் சாயம் யார் கண்ணுக்கும் தெரியாது.

புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். அதில் என்ன எழுதுவீர்கள் என்பதுதான் என் கவலை. விளம்பரக்காரர்களிடம் விட்டால், ஐஸ் ஹாக்கியின் பெரும்பரிசான ஸ்டான்லி கோப்பையை 1989-இல் வென்றதை எழுதுவார்கள். நல்லது. ஆனால் அந்தக் கோப்பையை ஃப்ளேம்ஸ் வென்றது மாண்ட்ரியலில், எதிரணியின் சொந்த அரங்கில். சேடில்டோமின் பனியில் கோப்பையைத் தூக்கிய ஒரே அணி மாண்ட்ரியல், 1986-இல்! வரலாற்றுக்கும் நகைச்சுவை உண்டு. அதைப் பலகையில் மறைக்காதீர்கள். 2004 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தையும் எழுதுங்கள். பந்துவட்டு (பக்) கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற வழக்கு இந்த ஊரில் இன்னும் தீரவில்லை. அப்போது நான் இங்கே இல்லை. ஆனாலும் தாண்டியது என்றே சொல்வேன். என்னோடு வேலை பார்த்த எவரும் வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை.

1988 குளிர்கால ஒலிம்பிக்கை எழுதாமல் விடமாட்டீர்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கத்தரீனா விட்டும் டெபி தாமஸும் ஒரே 'கார்மென்' இசைக்கு ஆட, இருவருக்கும் நடுவில் யாரும் எதிர்பாராத எலிசபெத் மான்லி வெள்ளி வென்றது இங்கேதான். அதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதுங்கள். ஒலிம்பிக் இந்த ஊருக்கு என்று 1981 செப்டம்பரில் முடிவாகும் முன்பே, அந்த ஜூலையிலேயே இங்கே கட்டுமானம் தொடங்கிவிட்டது. அதற்குத் தேர்ந்த இடம் விக்டோரியா பார்க்: தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்பு. அந்த மக்கள் எதிர்த்தார்கள். வழக்குகள் நீண்டபோது மாகாண அரசே அனுமதி வழங்கும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு விவகாரத்தை முடித்தது. பிறகு வந்த பத்தாண்டுகளில் ஸ்டாம்பீட் திருவிழா மைதானம் விரிய விரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. இன்று அந்த இடத்தைக் 'கலாச்சார, பொழுதுபோக்கு மாவட்டம்' என்கிறீர்கள். சேடில்டோமைக் கட்ட 97.7 மில்லியன் டாலர் செலவானதாக உங்கள் கணக்கு சொல்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் கொடுத்தது அந்தக் கணக்கில் சேரவில்லை.

வெள்ளத்தையும் எழுதுங்கள். 2013 ஜூனில் எல்போ ஆறு கரையுடைத்து உள்ளே வந்தது. உடைமாற்றும் அறைகள், இயந்திரங்கள் என்று தரைமட்டத்தில் இருந்த அத்தனையும் மூழ்கி, கீழ்வரிசை இருக்கைகளும் பழுப்பு நீருக்குள் போயின. வாளிகளோடும் பம்புகளோடும் அங்கே உழைத்தவர்கள் அந்த இலையுதிர் காலத்திலேயே மறுபடி ஆட்டம் நடக்க வைத்தார்கள். நான் திரும்ப வேலைக்குப் போனபோது புதுச் சாயத்தின் வாசனைக்கு அடியில் ஆற்றுச் சேற்றின் வாசனை மெல்ல இருந்தது. அந்த நீர்மட்டத்தை ஒரு கம்பத்தில் கோடாகக் காட்டுங்கள். புது அரங்கம் அதே ஆற்றின் பக்கத்தில்தான் நிற்கப் போகிறது. அந்தக் கோடு பயன்படும்.

பெயர்களைப் பற்றிப் பெரிதாக எழுத வேண்டாம். ஒலிம்பிக் சேடில்டோம் என்று பிறந்தது. 1995-இல் ஒரு விமான நிறுவனத்தின் பெயர், 2000-இல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயர், 2010-இல் ஒரு வங்கியின் பெயர் முன்னே ஒட்டியது. விமான நிறுவனம் இப்போது இல்லை. எண்ணெய் நிறுவனமும் இல்லை. ஊர் ஒரு நாளும் முன்பாதியைச் சொன்னதில்லை. 'டோம்' என்றால் போதும்.

கடைசியாக ஒன்று. கூரையை அறுக்கும்போது அதன் கான்கிரீட் பலகைகளில் ஒன்றையாவது உடையாமல் இறக்கி வையுங்கள். அந்தக் கூரையை இனி யாரும் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. ஒரு துண்டையாவது தொட்டுப் பார்க்கட்டும். கட்டடத்தின் உரிமையாளர் மாநகராட்சி, அதாவது வரி கட்டும் நாங்கள். ஆகவே இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. இடிப்புக்கான ஒப்பந்தத்தில் மையப்புள்ளியை அளந்து பதிவது, கூரையின் ஒரு கான்கிரீட் பலகையைக் காப்பது, நீர்மட்டக் கோடு என்ற மூன்று வரிகளையும் இயந்திரங்கள் வரும் முன்னே சேருங்கள். இடித்த பிறகு நினைவுக்குழு அமைத்தால் அவர்கள் தேநீர் குடிக்கத்தான் முடியும்.

மையப்புள்ளியை அளக்க ஆள் அனுப்பும்போது, பனியில் வரைந்திருப்பதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பருவமும் புதிதாக நீர் ஊற்றி, வெள்ளை பூசி, கோடுகளைப் புதிதாகத்தான் இடுவார்கள். பனி முழுதும் உருகிய பிறகு கான்கிரீட்டில் அளவெடுங்கள். அந்தத் தளத்தில் ஆண்டுக்கணக்கில் கோடு போட்டவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். நானும் வருகிறேன், பலகை தூக்க ஆள் வேண்டுமென்றால்.

இப்படிக்கு,
சேடில்டோமின் முன்னாள் இரவுப் பணியாளர் ஒருவன்
கால்கரி