ஒரு மேலங்கியின் பெயர்

அன்பு மகளுக்கு,

ஜெர்மனியின் டிரெஸ்டனில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாய், முதல் நிகழ்ச்சியே அ கப்பெல்லா என்று கேட்டதில் அம்மாவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. “வாத்தியம் இல்லாமல் பாடுவதுதானே அப்பா?” என்றாய். இன்றைக்கு அப்படித்தான் பொருள். ஆனால் அந்த இத்தாலியச் சொல்லில் வாத்தியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘சிற்றாலயத்தில் பாடுகிற முறையில்’ என்பதுதான் நேர்ப்பொருள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு துணி வருகிறது. 4-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், இன்றைய பிரான்ஸிலுள்ள ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தாராம். பின்னாளில் அவர் தூர் நகரின் ஆயர் ஆனார். பிறகு அந்த நாட்டை ஆண்ட ஃபிராங்கு மன்னர்கள் அந்த அங்கியைப் புனிதப் பொருளாக வைத்துப் போற்றினார்கள். போருக்கும் எடுத்துப் போனார்கள். லத்தீனில் கப்பா என்றால் மேலங்கி, கப்பெல்லா சின்ன மேலங்கி. அது இருந்த இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பரவியது. மிஷன் மருத்துவமனைப் போதகரை ‘சாப்ளேன் ஐயா’ என்கிறோமே, அதுவும் அந்த அங்கியைக் காத்த குருமாரின் பெயர்தான். நவம்பர் 11-இல் குழந்தைகள் விளக்கேந்திப் போவதைப் பார்த்தால், அது மார்ட்டினின் திருநாள் என்று தெரிந்துகொள்.

வேடிக்கை என்னவென்றால், நீ இருக்கும் டிரெஸ்டனில் 1548-இல் தொடங்கிய ஸ்டாட்ஸ்கப்பெல்லேயும் இதே சொல்தான். அதுவோ முழு ஆர்க்கெஸ்ட்ரா! அரண்மனை ஆலயத்தின் இசைக்காரர்கள் எல்லோருக்குமே கப்பெல்லா என்று பெயர். வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்தில் போப்பின் பாடகர்கள் வாத்தியமின்றிப் பாடுவது வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அதையே பழைய கோயிலிசைக்கெல்லாம் இலக்கணமாக்கிவிட்டார்கள். பழைய காலத்தில் குரலோடு வாத்தியமும் சேர்ந்து வாசித்த இடங்கள் ஏராளம். ஆகவே “வாத்தியம் சேர்ந்தால் தூய்மை போய்விடும்” என்று யாராவது அங்கே சொன்னால் வாதாடாதே, உள்ளுக்குள் சிரித்துக்கொள்.

வாத்தியமில்லாமல் பாடும்போது கஷ்டம் சுருதியில்தான் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாதிப் பாட்டில் மின்சாரம் போய் கீபோர்டு நின்றுவிட, நாங்கள் விடாமல் பாடினோம். மின்சாரம் வந்ததும் வாசிப்பவர் உற்சாகமாகக் கையை வைத்தார். நாங்கள் அரைச் சுரம் கீழே கிடந்தோம்! சபையே திரும்பிப் பார்த்தது. கீழ்க்குரல் பாடும் எங்கள் பாஸ் வரிசையில் யாரும் தலை நிமிரவில்லை.

நீ ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். ‘மி’, அதாவது ‘டோ, ரே, மி’யின் மூன்றாம் சுரம், பல இடங்களில் உங்கள் பாகத்தில்தான் வரும். அது தொய்ந்தால் மொத்தக் குழுவும் இறங்கும். ஒத்திகையில் பாட்டு முடிந்ததும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துப் பார். எவ்வளவு இறங்கினீர்கள் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா