சென்டர்போர்டு கடிச்சுக்கிட்டா

பாப்பா,

உன் பாய்மரப் படகோட சென்டர்போர்டு, அதான் படகுக்கு அடியில தண்ணிக்குள்ள இறங்குற பலகை, இறங்க மாட்டேங்குதுன்னு நீ அனுப்புன வீடியோவ மூணு தடவ பாத்தேன். போர்ட தூக்கிப் புடிக்கிற கயித்த அவுத்து விட்டா கயிறு மட்டும் தொளதொளன்னு வருது, போர்டு அசையல. அப்போ கயித்து மேல தப்பில்ல, போர்டுதான் அது ஏறி இறங்குற பொட்டிக்குள்ள எங்கயோ கடிச்சுக்கிட்டு நிக்குது. மேலருந்து ஸ்க்ரூடிரைவர் வச்சு சுத்தியலால ரெண்டு போடு போட்டேன்னு சொன்னியே, அத மொதல்ல நிறுத்து. உன் வயசுல நானும் அதான் பண்ணேன், போர்டு இறங்குச்சு, கூடவே பொட்டி அடியில ஒரு விரிசல், அடுத்த தடவ தண்ணில இறக்கி கால் நனைஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. உங்கம்மா இன்னும் சொல்லிக்காட்டுறா.

ட்ரெய்லர்ல நடுக்கட்டையோ ரோலரோ போர்டுக்கு நேர் கீழ இருக்கான்னு பாரு. இருந்தா அது எங்க போய் இறங்கும்? சிரிக்காத, நான் இதுல அரை நாள் தொலைச்சவன்.

அது இல்லன்னா பாய்மரத்த கழட்டி வச்சுட்டு, ரெண்டு மூணு பேர சேத்து படக பழைய டயர் மேல பக்கவாட்டுல சாய்ச்சுடு. சின்ன படகு, மர போர்டு, அதனால இது சுலபம். ஜாக்கி மேல நிக்கிற படகுக்கு அடியில படுக்கறது மட்டும் வேண்டாம், அந்த இடுக்குல விரலயும் விடாத, போர்டு எப்ப விடும்னு சொல்ல முடியாது.

இப்ப டார்ச் அடிச்சுக்கிட்டு ஒரு பழைய ஹேக்ஸா பிளேட போர்டுக்கும் பொட்டிக்கும் நடுவுல விட்டு மெதுவா இழுத்துட்டே போ, காத கிட்ட வை. கரகரன்னா மணல், ஹோஸ்ல தண்ணி பீச்சி அடிச்சா போயிடும். போயிட்டே இருக்குற பிளேடு ஒரே எடத்துல டக்குன்னு முட்டி நின்னா கல்லு. பிளேடே நுழையலன்னா, நுழைஞ்சும் நீளத்துக்கு கவ்வுதுன்னா, மரம் தண்ணி குடிச்சு ஊதியிருக்கு.

கல்லுன்னா போர்ட கீழ இழுக்காத, ஆப்பு மாதிரி இன்னும் இறுகும். மொதல்ல மேல கொஞ்சம் தூக்கிக் குடு, லூசானதும் பிளேடால கல்ல நெம்பி எடு, அப்புறம் இறக்கு. போர்டு பாதி இறங்கியிருக்கும்போதே கூழாங்கல் கரையில இழுத்து ஏத்துனேன்னு நீயே சொன்ன, அதனால எனக்கு கல்லு மேலதான் சந்தேகம்.

ஊதியிருந்தா அவசரப்பட்டு ஒண்ணும் ஆகாது, நெழல்ல சில நாள் காய விடு. அப்புறம் போர்டு மாட்டிச் சுழலுற பின்ன, அதான் அந்த அச்சாணிய, கழட்டி போர்ட வெளிய எடுத்து உப்புத்தாள் போட்டு தேய், ரெண்டு பக்கமும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடம் இருந்தா போதும். பின் போற ஓட்டைக்குள்ள எப்பாக்ஸி பிசின் தடவ மறந்துடாத, அந்த பூச்சு இல்லாத மரம் வழியாத்தான் தண்ணி உள்ள ஏறும். மேல பெயிண்ட் கனமா அடிச்சா திரும்ப மாட்டும், மெல்லிசா போதும். பின்ன எடுத்தா ரப்பர் வாஷர் புதுசா போடு, இல்லன்னா அங்கருந்தே ஒழுகும்.

போர்டு கையில இருக்கும்போதே நுனியில சின்னதா ஒரு ஓட்டை போட்டுக்கோ, அதுக்குள்ளயும் எப்பாக்ஸிதான். அடுத்த தடவ மாட்டுனா அதுல கயிறு விட்டு அடியிலருந்து இழுக்கலாம்.

கல்லு வெளிய வந்தா தூக்கிப் போட்டுடாத, போட்டோ எடுத்து அனுப்பு. உங்கம்மா மரம்தான் ஊதியிருக்குன்னு என்கிட்ட பந்தயம் கட்டியிருக்கா.

அப்பா