ஐயம் வேறு, சந்தேகம் வேறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எதையெடுத்தாலும் கேள்வி கேட்கும் இளையவர்களைச் ‘சந்தேகப் பிராணிகள்’ என்று சாடிய வாசகர் கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் இதழில் படித்தேன். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

வட இலங்கையில், போர் கண்ட எங்கள் வன்னியில் சந்தேகம் என்ற சொல் கசந்துபோனதற்குக் காரணம் உண்டு. ‘சந்தேகத்தின் பேரில்’ என்று சொல்லி எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள்! சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். நாம் வாய் திறக்கும் முன்பே அது தீர்ப்பு எழுதிவிட்டிருக்கும். தீர்ப்பு எழுதிவிட்ட மனத்தில் ஐயத்துக்கு ஏது இடம்?

ஐயம் என்னவென்று எனக்குக் காட்டியவர் என் அப்பா. காலபோக நெல் முற்றும் நாட்களில் வயல் காவலுக்குப் போவோம். ஒருநாள் மைம்மல் பொழுதில் வரம்பின் கோடியில் கறுப்பாக ஏதோ நின்றது. “யானை!” என்று நான் ஓடப் பார்த்தேன். “பற்றைச் செடிதான்” என்று அண்ணன் முன்னே நடக்கப் பார்த்தான். அப்பா எங்கள் இருவர் கையையும் பிடித்து நிறுத்தினார். “காது அசைகிறதா, பார்.” காற்று துளியும் இல்லை, பற்றை என்றால் ஆடாது. மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றோம். நெடுநேரத்துக்குப் பின் அந்தக் கறுப்பின் ஓரம் சுளகுபோல ஒருமுறை மடிந்து விரிந்தது. சத்தமில்லாமல் பின்வாங்கினோம்.

தொல்காப்பிய உரைகளிலும் இதே காட்சி உண்டு. தூரத்தில் தெரிவது குற்றியா (மரக்கட்டையா), மகனா (மனிதனா)? அது தெளியும்வரை உயர்திணை, அஃறிணை என்று துணியாமல் ‘உரு’ என்ற பொதுச்சொல்லால் குறிக்கலாம் என்கிறது இலக்கணம். முடிவைத் தள்ளிவைப்பதற்கே ஒரு சொல் வைத்திருந்த மொழி நம்முடையது.

கிரேக்கத்தில் ஐயவாதிகளுக்கு வழங்கிய ‘ஸ்கெப்டிகோய்’ என்ற பெயருக்கும் ஆராய்ந்து பார்ப்பவர்கள் என்றே பொருள். அந்த மரபை விளக்கி எழுதிய செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் ஒரு மருத்துவர். உண்மையைக் கண்டுவிட்டோம் என்பவர்கள், காணவே முடியாது என்பவர்கள், இன்னும் தேடுகிறவர்கள் என மூவகையினரைச் சொல்லி, ஐயவாதிகளை மூன்றாம் வகையில் வைத்தார். முடியவே முடியாது என்று சாதிப்பவரும் அவர் கணக்கில் ஐயவாதி அல்லர்.

கிணற்றுத் தண்ணீரால் சிறுநீரக நோய் வருமோ என்ற பேச்சு அடிபடும் இந்நாட்களில் என் பேத்தி கேட்டாள்: “அம்மம்மா, கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லதென்று அர்த்தமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு இருவருமாகப் பரிசோதனைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.